கொமிக்ஸும் ஒரு படிப்போ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் படக்கதை வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையை ஏற்ற வரும் தாய்தகப்பன்மார் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே, "ரீச்சர், ஒரு சின்னக் கேள்வி" என்று தொடங்குவார்கள். ஒன்றுகூடச் சின்னக் கேள்வியாக இருப்பதில்லை. படலையில் நின்று சொல்லி முடியாத பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள் வெளியிடும் சிவகாசிக்காரர் 'காமிக்ஸ்' என்று எழுதுவார்கள். நாங்கள் வாயால் சொல்கிறபடி நான் 'கொமிக்ஸ்' என்று எழுதுகிறேன்.

கொமிக்ஸ் படிக்கவென்று உண்மையாகவே பள்ளிக்கூடம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நேற்று முளைத்ததல்ல. நியூயோர்க்கில் 1947-இல் கார்ட்டூன்காரருக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். தொடங்கிய இருவரில் ஒருவர் டார்சான் படக்கதை வரைந்த பேர்ன் ஹோகார்த். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்கள் அரசாங்கச் செலவில் அங்கே படிக்க வந்தார்கள். 1956-இல் அதற்கு 'ஸ்கூல் ஒஃப் விஷுவல் ஆர்ட்ஸ்' என்று பெயர் மாறியது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரத்துச் சென் லூக் கலைப்பள்ளி 1968-இல் கொமிக்ஸைத் தனிப்பாடமாக்கியது. ஜோ கியூபர்ட் என்ற ஓவியர் 1976-இல் நியூ ஜேர்சியில் தன் பெயரிலேயே ஒரு பள்ளி திறந்தார். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ரயில் ஊரில் 2005-இல் 'சென்டர் ஃபோர் கார்ட்டூன் ஸ்டடீஸ்' வந்தது. யப்பானில் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006-இல் மங்கா எனப்படும் யப்பானியக் கொமிக்ஸுக்கென்று ஒரு முழுப் பீடத்தையே அமைத்தது. எங்கள் கம்பஸில் மருத்துவ பீடம், விஞ்ஞான பீடம் என்று இருப்பதுபோல அங்கே மங்கா பீடம்.

வரையத் தெரிந்த பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? அங்கே என்னதான் படிப்பிக்கிறார்கள்?

கூடுதலாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். வடிவாக வரைகிற பிள்ளைதான் நல்ல கொமிக்ஸ் செய்யும் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியில்லை.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். "அப்பா வேலையால் வருகிறார். வீட்டில் ஒருவரும் இல்லை." இதை ஒரு பக்கத்தில் வரையச் சொன்னேன். சித்திரப் போட்டிகளில் பரிசு வாங்கும் ஒரு பிள்ளை ஒரே படமாக வரைந்தாள்: வீடு, முற்றம், வேப்பமரம், நடுவில் அப்பா. நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெடியனுக்குக் கை கால் ஒழுங்காக வராது. அவன் ஆறு கட்டம் போட்டான். முதல் கட்டத்தில் சைக்கிளை மதிலில் சாத்துகிறார். இரண்டாவதில் படலை. மூன்றாவதில் வாசற்படி, அதில் ஒரு சோடிச் செருப்பும் இல்லை. நாலாவதில் ஒன்றுமேயில்லாத மேசை. ஐந்தாவதில் அப்பாவின் முதுகு. ஆறாவதில் திரும்பவும் சைக்கிள். கொப்பியைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் எல்லாரும், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டது அவனைத்தான்.

பள்ளிகளில் படிப்பிப்பதில் பெரும்பகுதி இதுதான். எத்தனை கட்டம், எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, பக்கத்தைப் புரட்டும் இடத்தில் எதை வைப்பது. கட்டத்தை அகலமாக்கினால் நேரம் மெதுவாகப் போகும், குறுக்கினால் ஓடும். இதற்கு முன் நகவளவுப் படங்களாக முழுக் கதையையும் கிறுக்கிப் பார்ப்பார்கள். பிறகு பென்சில், மை, எழுத்து, அச்சு, கட்டுதல். வாரத்துக்கு ஒரு தடவை வேலைகளைச் சுவரில் ஒட்டி எல்லாருமாகச் சேர்ந்து குறை சொல்வார்கள். அதைத் தாங்கப் பழகுவதும் படிப்பில் சேர்த்தி.

வெர்மொண்ட் பள்ளியை எனக்குப் பிடிக்கும். ஒரு பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடத்துக்குள் தொடங்கியது. 'பீனட்ஸ்' வரைந்த சார்ள்ஸ் ஷூல்ஸின் பெயரில் ஒரு கொமிக்ஸ் நூலகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாண்டுப் படிப்பு. முதல் கதையிலிருந்தே மாணவர் தாங்களே அச்சடித்து, மடித்து, ஊசி போட்டுப் புத்தகமாக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் அலுமாரிகளில் பாதியில் நிற்கும் கதைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒரு கதையை முடித்து இன்னொருவர் கையில் கொடுப்பதைத்தான் இந்தப் பள்ளிகள் உண்மையில் பழக்குகின்றன என்பது என் எண்ணம்.

படித்து வெளிவந்தவர்கள் என்ன சாதித்தார்கள்?

அமெரிக்காவில் கொமிக்ஸுக்குக் கொடுக்கும் பெரிய விருது ஐஸ்னர் விருது. வில் ஐஸ்னர் என்ற ஓவியரின் பெயரில் 1988 முதல் கொடுக்கிறார்கள். அவர் நான் மேலே சொன்ன நியூயோர்க் பள்ளியில் படிப்பித்தவர்.

அந்தப் பள்ளியில் படித்த ரெய்னா டெல்கெமயர் தன் பல் உடைந்த கதையை எழுதினார். சிறுவயதில் விழுந்து முன்பல் போய், ஆண்டுக்கணக்காகப் பல் வைத்தியரிடம் அலைந்த கதை. 2010-இல் வந்த 'ஸ்மைல்' என்ற அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டு ஐஸ்னர் வாங்கியது. பல் உடைந்ததில் என்ன கதை இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது அதைத்தான். அதே பள்ளியில் படித்த ஜெரி கிராஃப்டுக்கு 2020-இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் உச்சப் பரிசு அது. 1922 முதல் கொடுத்து வந்த அந்தப் பதக்கத்தை ஒரு கிராஃபிக் நாவல், அதாவது புத்தக நீளப் படக்கதை, வாங்கியது அதுதான் முதல் தடவை.

வெர்மொண்டில் படித்த ஜோசப் லம்பர்ட், ஹெலன் கெல்லரையும் அவருடைய ஆசிரியரையும் பற்றிய புத்தகத்துக்கு 2013-இல் ஐஸ்னர் வாங்கினார். கண் தெரியாத, காது கேளாத ஒரு பிள்ளையின் உலகத்தைப் படத்தால் காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள், என்ன துணிச்சல்! அங்கேயே படித்த டில்லி வோல்டன் 1996-இல் பிறந்தவர். பனிச்சறுக்கு நடனப் போட்டிகளில் கழிந்த தன் பள்ளிக்காலத்தைப் பற்றிய புத்தகத்துக்கு 2018-இல் அதே விருது. 2023-இல் அவரை வெர்மொண்ட் மாநிலத்தின் 'ஆஸ்தான கார்ட்டூனிஸ்ட்' ஆக்கினார்கள். அரசவைப் புலவர் மாதிரி, அந்த மாநிலத்தில் கார்ட்டூனுக்கும் ஒரு பதவி இருக்கிறது!

அந்தப் பதவியில் அவருக்கு முன்னால் இருந்தவர் ரிக் வெய்ச். கியூபர்ட் பள்ளியில் முதல் அணியாகப் படித்து முடித்தவர்களில் ஒருவர். அவரோடு படித்த ஸ்டீவன் பிசெட் பிற்காலத்தில் வெர்மொண்டில் படிப்பிக்கப் போனார். ஒரு பள்ளியில் படித்தவர் இன்னொரு பள்ளியில் குருவாவது எங்கள் நாதஸ்வரக்காரர் பரம்பரையை எனக்கு நினைவுபடுத்தும்.

ஐரோப்பாவில் சென் லூக்கில் படித்த பிரான்சுவா ஷுய்டனுக்கு 2002-இல் பிரான்சின் அங்குலேம் கொமிக்ஸ் விழாவின் பெரும்பரிசு கிடைத்தது. ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் கலைப்பள்ளியில் படித்தவர். 'பெர்செபொலிஸ்' கதையைப் பள்ளியில் வரையவில்லை, பாரிசில் மற்ற ஓவியர்களோடு ஒரே வேலைக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த காலத்தில், "இந்தக் கதையை நீ வரைந்தாலென்ன?" என்று அவர்கள் தூண்டிய பிறகுதான் தொடங்கினார். போர், நாடு விட்டுப் போதல், வீட்டு ஞாபகம் என்று எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதைபோல இருக்கும்.

இப்படிப் பெயர் சொல்லத்தக்கவர்கள் சிலர்தான். படித்து முடித்த மற்றவர்களில் பலர் அனிமேஷன், விளம்பரம், பாடப்புத்தகம், ஆசிரியத் தொழில் என்று போகிறார்கள். அது தோல்வியல்ல. ஆனால் விண்ணப்பம் நிரப்பும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

படிக்காமலே சாதித்தவர்கள் இல்லையா?

தாராளமாக இருக்கிறார்கள். யப்பானின் பெரிய மங்கா ஓவியர் ஒசாமு தெசுக்கா படித்தது மருத்துவம். மலேசியாவின் கார்ட்டூன்காரர் லாட் கலைப்பள்ளிப் பக்கம் போகாதவர். இந்தியக் கார்ட்டூன்காரர் ஆர். கே. லக்ஷ்மணை மும்பை ஜே.ஜே. கலைக்கல்லூரி சேர்க்க மறுத்தது ஊரறிந்த கதை. எங்கள் சிவஞானசுந்தரம் 1963-இல் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த 'சிரித்திரன்' இதழையும், அவருடைய சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தையும் பற்றிக் கேட்டுப்பாருங்கள், உங்கள் அப்பப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கொமிக்ஸ் பட்டத்தைத் தேடி அவர் எங்கேயும் போகவில்லை. பழைய இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் கிடக்கின்றன. பிள்ளைக்குக் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு படிக்க என்ன வழி?

கொமிக்ஸுக்கென்று தனிப் பட்டப்படிப்பு இலங்கையில் இல்லை. கிட்ட இருப்பது மருதனார்மடம். முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று அறியப்பட்டு இப்போது யாழ் பல்கலைக்கழகத்தின் பீடமாகிவிட்ட இடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, செய்முறைத் தேர்வும் உண்டு. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் ஆகியவையும் இருக்கின்றன.

இங்கே படித்தால் கொமிக்ஸ் தெரியுமா? கோடு தெரியும், நிறம் தெரியும், உடலமைப்பு தெரியும், கலை வரலாறு தெரியும். கதைப்பக்கம் கட்டுவது நீங்களாகப் பழக வேண்டியது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குப் படக்கதை செய்யலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டுப்பார்க்கச் சொல்லி நான் பிள்ளைகளைத் தூண்டிவிடுவதுண்டு. கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

வெளிநாடு போவதென்றால்?

அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் எங்களில் பெரும்பாலானோருக்குக் கட்டாது. காணி விற்றாலும் காணாது. பிரான்சின் அரச கலைப்பள்ளிகளில் கட்டணம் அதோடு பார்க்க மிகக் குறைவு. கொமிக்ஸ் விழாவுக்குப் பேர்போன அங்குலேம் நகரத்திலேயே படக்கதை படிப்பிக்கும் அரச கலைப்பள்ளி ஒன்று உண்டு. ஆனால் பிரெஞ்சு வேண்டும், அதுவும் கட்டுரை எழுதுமளவுக்கு. "பாரிஸ் லா சப்பலில் சித்தப்பா இருக்கிறார்" என்பது தங்குமிடத்துக்கு உதவும், நேர்முகத் தேர்வுக்கு உதவாது.

இந்தியா கைக்கெட்டும் தூரம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த ஓரிஜித் சென் 1994-இல் நர்மதை அணையைப் பற்றி வெளியிட்டதைத்தான் இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவலாகப் பலரும் சொல்கிறார்கள். இந்திய அரசின் புலமைப்பரிசில் அறிவித்தல்கள் யாழ்ப்பாணத்துத் துணைத்தூதரகம் வழியாகவும் வரும். பத்திரிகையைப் பார்த்தபடி இருங்கள்.

விண்ணப்பத்தோடு என்ன அனுப்ப வேண்டும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். வடிவாகத் தீட்டிய பத்து உருவப்படங்களை விட, முடித்த நாலு பக்கக் கதை ஒன்று பெறுமதியானது.

வெர்மொண்ட் பள்ளி விண்ணப்பதாரரிடம் கேட்டு வந்த ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு சிறு கொமிக்ஸ் வரையுங்கள், அதில் நீங்கள், ஒரு பனிமனிதன், ஒரு ரோபோ, ஒரு பழம் நான்கும் வர வேண்டும். இதை என் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பனிமனிதனுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? வெருளி என்று மாற்றினேன். பழம் பனம்பழம். ஒரு பிள்ளை, நீர்வேலிப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் நிற்கும் வெருளிக்கு ரோபோ வேலை பறித்துவிடுவதாக வரைந்தாள். கடைசிக் கட்டத்தில் ரோபோவின் தலையில் பனம்பழம் விழுகிறது. வெருளியின் முகம் சட்டித் தலைதானே, அதில் சிரிப்பு முதலிலேயே கீறியிருக்கிறது. முதல் கட்டத்தில் அசட்டுச் சிரிப்பாகத் தெரிந்த அதே கோடு கடைசிக் கட்டத்தில் நக்கலாகத் தெரிந்தது. அவளுக்கு வயது 12.

தமிழில் கொமிக்ஸ் செய்வதில் தனியாக ஏதும் சிக்கல் உண்டா?

உண்டு, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றும் இதைச் சொல்லித் தராது. ஆங்கிலக் கொமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், குட்டிச் சொற்கள். ஒடுங்கிய பலூனுக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். எங்கள் எழுத்துக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே 'ழு'வும் 'கூ'வும் தொங்கும். வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விடாவிட்டால் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியைக் குத்தும். 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே பலூனை நிரப்பிவிடும். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து மொழிபெயர்ப்புக் கொமிக்ஸ் வாசித்தவர்களுக்கு, வெள்ளைக்காரப் பலூனுக்குள் தமிழ் மூச்சுமுட்டி நிற்கும் காட்சி பழக்கம்.

ஆகவே முதலில் வசனத்தை எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றிப் பலூனைக் கீறுங்கள், அதற்குப் பிறகு படம். பலூன் அகலமாக இருக்கட்டும்.

இன்னொன்று பேச்சு. ஒரு பிள்ளையின் கதையில் கோப்பாய் அம்மம்மா, "நீ எங்கே செல்கிறாய்?" என்று கேட்டார். உன் அம்மம்மா இப்படியா கேட்பார் என்றேன். யோசித்துவிட்டு அழிறப்பரை எடுத்தான். "எங்கையடா வெளிக்கிட்டனீ?" அந்த ஒரு வரியோடு அம்மம்மா எழும்பி நடந்தார். சொல்லும் சுருங்கியது, பலூனும் சின்னதாகியது.

கணினியில் வரைய டப்லெட் வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். சீ.ஆர். கொப்பி, அடிமட்டம், எச்பி பென்சில், கறுப்பு ஜெல் பேனை. நல்ல பிரதிக்குப் பிரிஸ்டல் போர்ட். பிறகு கணினியில் வரைய ஆசைப்பட்டால் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம்.

சரி ரீச்சர், இதால் உழைக்கலாமா?

கொமிக்ஸால் மட்டும் இங்கே ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. அதை மறைத்துச் சொன்னால் நான் பொய்க்காரி. ஆனால் கதையைப் படமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை வரும்: டெங்கு ஒழிப்புத் துண்டுப்பிரசுரம், கண்ணிவெடி விழிப்புணர்வுச் சுவரொட்டி, பத்திரிகைக் கேலிச்சித்திரம், குறும்படம் எடுப்பவர்களுக்கு ஸ்டோரிபோர்ட், புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சிறுவர் நூல். ஏ.எல். முடித்த பிள்ளை வேறொரு தொழிலையும் பிடித்துக்கொண்டு இதையும் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "கொமிக்ஸா, டொக்டரா?" என்று வீட்டில் சண்டை பிடிப்பவர்களுக்கு நான் தெசுக்காவை நினைவூட்டுவேன். சண்டை அத்தோடு ஓயும் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர்க் கதையை யார் வாசிக்கப் போகிறார்கள்?

2019-இல் 'வன்னி' என்ற கிராஃபிக் நாவல் ஆங்கிலத்தில் வந்தது. இறுதிப்போருக்குள் அகப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எழுதியவர் வன்னியில் ஐ.நா. ஊழியராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சி பொலொக். அக்கறையோடு செய்த வேலை, நிறையப் பேரிடம் கேட்டறிந்து செய்தது. இருந்தாலும் வாசித்து முடித்தபோது எனக்கு ஒரு பொறாமை. எங்கள் பங்கர் எங்கள் கையால் வரையப்படவில்லையே என்று.

யாழ் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன், டெல்லியில் ஓவியம் படித்தவர், 2011-இல் ஒரு புத்தகம் செய்தார். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுக்க, அதன் பக்கத்தில் கட்டடக்கலைப் படமும் அவருடைய ஓவியமும் வரும். தோம்பு என்ற ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டை வைத்து அதற்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர். அது கொமிக்ஸ் அல்ல. ஆனால் கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று ஒரு வயோதிபர் நடுங்கும் கையால் போட்ட கோட்டில் ஒரு கதை முழுக்க இருக்கிறது. என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வேலை, வீட்டில் வயது கூடியவர் ஒருவரிடம் பழைய வீட்டைக் கீறித்தரச் சொல்வது.

மகளுக்கு 15 வயது. இப்போது என்ன செய்யலாம்?

எட்டுப் பக்கக் கதை ஒன்றை முடித்து அச்சடிக்கச் சொல்லுங்கள். ஏ4 தாள் இரண்டு போதும், நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். முதல் தாளின் ஒரு புறத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. அதன் மறுபுறத்தில் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. அதன் மறுபுறத்தில் 4, 5. முதலில் வெறுந்தாளை மடித்துப் பென்சிலால் இலக்கம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ கொப்பிக் கடையில், "இரண்டு பக்கமும் அடியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் அப்படித்தான் சொன்னேன். எங்கள் முதல் புத்தகம் 40 பிரதி, உள்ளே பாதிப் பக்கங்கள் தலைகீழாக நின்றன. தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பி அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியது நான். பிள்ளைகள் அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அந்த 40 பிரதியையும் தலைகீழ்ப் பதிப்பு என்று பாடசாலையில் 50 ரூபாய்க்கு விற்று முடித்துவிட்டார்கள்.

நீட்டுக் கை ஸ்டேப்ளர் கடைகளில் தேடி அலைய வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை ஒன்பதரைக்குப் பிறகு வாருங்கள்.